ஆறும் ஆறும்: காலாங் கரைவழியில் தமிழ்



'ஆறு' என்னும் சொல்லின் எண்ணுப் பொருளை ஒதுக்கி வைத்தால் எஞ்சுபவற்றுள் இரண்டு நம் பேச்சுக்கு உரியவை. ஓடும் நீரும் ஆறு. நடக்கும் வழியும் ஆறு. முதற்பொருள் இன்றும் நாள்தோறும் வழங்குகிறது. இரண்டாம் பொருளோ தனிச்சொல்லாகப் பேச்சில் வழங்குவதில்லை. 'இவ்வாறு', 'அவ்வாறு' என்னும் சொற்களிலும், 'ஆற்றுப்படை' என்னும் இலக்கிய வகையின் பெயரிலும் தங்கியிருக்கிறது. இவ்விரு பொருளும் அருகருகே கிடக்கும் ஓரிடம் நம் சிங்கப்பூரில் உண்டு. அதுவே காலாங் ஆற்றின் கரையை ஒட்டிச் செல்லும் பூங்கா இணைப்புப் பாதை. அப்பாதையில் நடப்பதும் மிதிவண்டியில் செல்வதும் தமிழ்க் கல்விக்கு எவ்வகையில் துணை செய்யும் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஆற்றை அறிவோம். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் வடிநிலம் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும் இதுவே சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. இதிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் கூறியுள்ளது. எனினும், இதன் கரையில் வளர்ந்தவர்களிலேயே பலர் இதனை ஆறு என்று அழைத்ததில்லை; 'லோங்காங்' என்றோ 'பெரிய கால்வாய்' என்றோதான் அழைத்தனர். அதில் பிழையொன்றும் இல்லை. மழைநீர் விரைந்து வடிய வேண்டும், வெள்ளம் வீடுகளுக்குள் புகக்கூடாது என்பதற்காக ஆறு நேராக்கப்பட்டு, இருபுறமும் அடியிலும் கற்காரை பூசப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தது கால்வாய். வாயில் வந்ததும் கால்வாய்.

பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் இந்நிலை மாறியது. 2006இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின் கீழ், அங்கிருந்த 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாய் அகற்றப்பட்டு, 3.2 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து வளைந்து ஓடும் ஆறாக மாற்றப்பட்டது. புதுப்பிக்கப்பட்ட பூங்கா 2012இல் திறக்கப்பட்டது. கரையைக் கற்காரை தாங்கவில்லை. பாறைகளும் செடிகளின் வேர்களும் தாங்குகின்றன. மழையில்லா நாளில் நீர் நடுவே ஒடுங்கி ஓடுகிறது. பெருமழை பெய்தால் ஆறு அகன்று, இருமருங்கிலும் உள்ள புல்வெளியையும் தனதாக்கிக்கொள்கிறது. நீர்மட்டம் உயரும்போது எச்சரிக்கை விளக்குகளும் ஒலியும் மக்களைக் கரையேறச் சொல்கின்றன.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கால்வாய் ஆறானபோது, பாடநூலில் மட்டும் இருந்த சில சொற்களுக்கு இந்நாட்டில் காட்டத்தக்க பொருள் கிடைத்தது. படுகை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இப்போது விரலால் சுட்டிக் காட்டலாம். கரை, வளைவு, மடை, நாணல், கொக்கு, நாரை, மீன்கொத்தி, உடும்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். நீர்நாய் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் நீர்நாய் வாளை மீனைத் தேடித் திரிகிறது. உரைநூலில் பொருள் பார்த்துக் கடந்துபோன அவ்விலங்கு, பீஷானில் குட்டிகளோடு கரையேறி, மக்கள் நின்று பார்க்க வெயில் காய்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல் நம் மாணவரின் கண்முன் உயிரோடு நீந்துகிறது.

ஆயினும் சொல்லுக்குப் பொருள் கிடைத்தால் மட்டும் போதாது. அச்சொல்லை யாரிடமேனும் சொல்வதற்குக் காரணமும் வேண்டும். நம் வகுப்பறைகளில் தட்டுப்படும் குறை இதுவே. ஆற்றங்கரையைப் பற்றி எழுதச் சொன்னால், மாணவர் பலர் மனனம் செய்த தொடர்களை வரிசையாக அடுக்குகின்றனர். கதிரவன் தன் பொற்கதிர்களை வீசுகிறான்; ஆறு சலசலக்கிறது; பறவைகள் பண்ணிசைக்கின்றன. அவ்வாறு எந்த ஊரிலும் இல்லை. அக்கட்டுரையைப் படித்து எவரும் எங்கும் போய்ச் சேர இயலாது. அதே மாணவர் அதே பாதையை நண்பருக்கு ஆங்கிலத்தில் விளக்கும்போது, எங்கே திரும்ப வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார். மெய்யான செய்தியை ஆங்கிலத்திற்கும், மெய்யல்லாத அலங்காரத்தைத் தமிழுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், தேர்வு முடிந்த மறுநாள் தமிழுக்கு வேலை இல்லாமற் போகும்.

இதற்கான மருந்து நம் மரபிலேயே இருக்கிறது. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெற்ற மலைபடுகடாம், வழியின் அழகோடு அதன் இடர்களையும் எடுத்துரைத்து, எங்கே எச்சரிக்கையாகக் கடக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சென்றவர் செல்லாதவருக்குச் சொல்வது என்பதே இதன் அடிப்படை. கேட்பவர் நலமாய்ப் போய்ச் சேர வேண்டும் என்னும் அக்கறை அதில் இருப்பதால், பொய்யான வருணனைக்கு அங்கே இடமில்லை.

ஆகவே காலாங் கரைக்கு ஓர் ஆற்றுப்படை எழுதுமாறு மாணவரைப் பணிப்போம். வகுப்பில் பாதிப் பேர் நடக்கட்டும். மீதிப் பேர் மிதிவண்டியில் செல்லட்டும். இருவர் காண்பதும் ஒன்றாயிராது. நடப்பவர் வேரையும் தும்பியையும் காண்பார்; மிதிவண்டியில் செல்பவர் பூங்கா முடிந்து அடுக்குமாடிகள் தொடங்குவதையும், பாலத்தின் நிழல் குளிர்வதையும், மேடு கால்களில் உறைப்பதையும் உணர்வார். முன்னவருக்குப் பெயர்ச்சொற்கள் மிகுதியாக வேண்டியிருக்கும், பின்னவருக்கு வினைச்சொற்கள். திரும்பி வந்தபின் ஒருவர் எழுதியதை மற்றவர் கையில் கொடுத்து, அதைக் கொண்டே வழி கண்டுபிடிக்கச் செய்வோம். வழி தவறினால் எந்தத் தொடர் தெளிவில்லாதது என்பதைப் பாதையே காட்டிக்கொடுக்கும்.

இவ்வெழுத்தில் இடர்களும் இடம்பெற வேண்டும். பீஷானிலிருந்து நகரை நோக்கிச் செல்லும் வழியில் சாலைகளும் விரைவுச்சாலையும் குறுக்கிடுகின்றன. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு மேம்பாலம் ஏற வேண்டியிருந்த நிலையை மாற்றவே, மிதிவண்டிப் பாலமும் கீழ்ப்பாதைகளும் அமைக்கும் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. பகிர்வுப் பாதையில் மிதிவண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அவ்வரம்புக்குள் சென்றாலும், முதியவரும் குழந்தையும் நடக்கும் இடத்தில் வேகத்தைத் தணிப்பதே பண்பு. எந்த வளைவில் எதிரே வருபவர் தெரியமாட்டார், எங்கே மழைக்குப் பின் வழுக்கும், எச்சரிக்கை ஒலி கேட்டால் எப்பக்கம் ஏற வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதப் பழகிய மாணவர், மொழியைப் பிறர் நலத்திற்குப் பயன்படுத்தக் கற்றவர் ஆவார்.

வழியின் முடிவில் காலாங் வடிநிலம். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின், அது மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. பீஷானில் பாதையோரம் வீசப்படும் நெகிழிப்பை நாம் குடிக்கும் நீரை நோக்கியே மிதந்து செல்கிறது. இதனையும் ஆற்றுப்படையில் சேர்க்கலாம். பரிசில் தரும் வள்ளல் இங்கே ஆறுதான் என்று எழுதும் மாணவரும் வரக்கூடும்.

ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த பள்ளித் தவணையில் ஒரேயொரு கட்டுரைப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே, உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள இணைப்புப் பாதையில் நடத்துங்கள். தீவெங்கும் இத்தகைய பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. தொலைவைக் காரணம் காட்டத் தேவையிராது. மாணவர்களே, நீங்கள் எழுதுவதை, அவ்வழியே இதுவரை போகாத ஒருவருக்காக எழுதுங்கள். அவர் உங்கள் தமிழை நம்பிப் புறப்படட்டும்.