அச்சம் அகற்றுவதும் அறமே
(விழா அரங்கில் ஆற்றிய உரை)



பென்னாகரம் வட்டத்தில் ஆசிரியப் பணியாற்றியவன் என்ற முறையில் சில சொல்ல விழைகிறேன். ஒகேனக்கல்லில் காவிரி ஆர்ப்பரித்து வீழ்கிறது. ஆயினும் சுற்றியுள்ள மேட்டு நிலங்கள் வானம் பார்த்த பூமியே. மழை பொய்த்தால் கேழ்வரகும் நிலக்கடலையும் பொய்க்கும். பெற்றோர் கட்டட வேலை நாடிப் பெங்களூருக்குச் செல்வர். பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் வளர்வர்.

அடிக்கடி வயிற்றுவலி என்று கூறிய மாணவன் ஒருவனை, நடிக்கிறான் என்று கடிந்துகொண்டேன். தந்தை அனுப்பும் பணம் இரு திங்களாக வரவில்லை என்பதும், கடன் கொடுத்தவர் மாலைதோறும் வாயிலில் வந்து நிற்பதால் அவன் இரவில் உறங்குவதில்லை என்பதும் பின்னரே தெரிந்தன. அன்று பிழை செய்தவன் அவனல்லன், நானே. அச்சத்தைச் சொல்லத் தெரியாத சிறார் அதனை வலியாகவும் சினமாகவும் மௌனமாகவும் வெளிப்படுத்துவர்.

பணம் வந்தால் இத்துன்பம் தீருமா? அமெரிக்காவின் வட கரோலினாவில் வாழும் செரோகீ பழங்குடிக் குடும்பங்களுக்கு, சூதாட்ட விடுதியின் வருவாயில் பங்கு கிடைத்தது. வருவாய் வந்த வழி நமக்கு உடன்பாடன்று, விளைவு கருதத்தக்கது. 2003-இல் வெளியான ஆய்வின்படி, வறுமை நீங்கிய வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் குறைந்தன. பிள்ளைகளைக் கவனிக்கப் பெற்றோர்க்கு நேரம் வாய்த்ததே அதற்கு முதன்மைக் காரணம். ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் அவ்வளவாகக் குறையவில்லை. பணம் நேரத்தை ஈட்டித் தரலாம். அச்சத்தை முற்றும் போக்காது.

வசதியான இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. ஏழைச் சிறுவன் கடன்காரரை அஞ்சுகிறான். வசதியுள்ள சிறுவன் மதிப்பெண் பட்டியலை அஞ்சுகிறான். முன்னவனுக்குப் பெற்றோர் தொலைவில் உள்ளனர். பின்னவனுக்கோ ஒரே கூரையின் கீழ் இருந்தும் தொலைவில் உள்ளனர்.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். முதல் மூன்றையும் நாம் தாராளமாக வழங்குகிறோம். நான்காவதைச் சிறாருக்கும் வழங்குவோம். கல்வி உதவி பெறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் மாதம் ஒருமுறையேனும், மதிப்பெண்ணைக் கேளாமல், "நன்றாக உறங்குகிறாயா? வீட்டில் எல்லோரும் நலமா?" என்று நம்மில் ஒருவர் கேட்கட்டும். துயர் மிகுந்தால் 1098 என்னும் சிறார் உதவி எண்ணும், 14416 என்னும் மனநல உதவி எண்ணும் உள்ளன. அவற்றை நாடுவது இழிவன்று.

அச்சமின்றி உறங்கும் குழந்தையே ஒரு குடும்பத்தின் உண்மைச் செல்வம்.