அத்திவாரத்தின் மேல் ஓடும் பீம் எதற்கு?

வினாயகபுரத்துக்குத் திரும்பி வந்திருக்கும் தாய்மாரே, ஐயாமாரே, தம்பிமாரே,

வேலை தொடங்கிய வளவுகளில் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "கருங்கல் அத்திவாரம் போதும், பீமுக்குப் போகும் கம்பிக் காசைக் கூரைக்கு வைக்கலாம் என்று மேசன் சொல்லுகிறார், சரியோ?" சரியில்லை.

2004 மார்கழி 26ஆம் திகதி இந்தக் கரையில் எல்லா வீடுகளும் அலை அடித்து மட்டும் விழவில்லை. ஓடிய தண்ணீர் சில வீடுகளின் மூலைகளில் மணலை அரித்தெடுத்தது. அடியில் மண் இல்லாத மூலை இறங்கியது, சுவர் பிளந்தது. சுனாமி வராவிட்டாலும், மாரி வெள்ளம் ஓடும் மணல் நிலத்தில் ஒரு பக்கம் கூட இறங்கும், மறுபக்கம் குறைய இறங்கும். கல்லும் சாந்தும் பாரத்தைத் தாங்கும். இழுத்தால், வளைத்தால் வெடிக்கும். அந்த இழுவையைத் தாங்குவது கம்பி. வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை போடுவது போல, பீம் வீட்டின் நாலு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. தூண் வைத்துக் கட்டுபவர்களுக்கு, தூண்களின் அடி விலகாமல் வைப்பதும் அதுதான்.

ஆனால் ஆழமில்லாத அத்திவாரத்தைப் பீம் காப்பாற்றாது. பீம் இருக்கிறதென்று அலை வரும்போது வீட்டுக்குள் நிற்கவும் கூடாது, ஓடத்தான் வேண்டும்.

பட்டைக்கு நடுவில் வெட்டு விழுந்தால் பட்டை இல்லை. படி வைப்பதற்காக வாசலில் பீமை நிறுத்துகிறார்கள். கக்கூஸ் குழாய்க்காகப் பிறகு கம்பியை அறுக்கிறார்கள். இரண்டையும் விடாதீர்கள், குழாய் போகும் இடத்தைக் கொங்கிரீட் போட முதலே மேசனிடம் காட்டுங்கள்.

மூலைதான் முக்கியம். இரண்டு பக்கக் கம்பியும் மூலையில் வந்து முட்டி நின்றால் பிடிப்பு இல்லை. ஒரு பக்கக் கம்பி வளைந்து மறுபக்கத்துக்குள் போக வேண்டும். 10 மில்லிமீற்றர் கம்பியென்றால் ஏறக்குறைய இரண்டு அடி. கம்பியைப் பலகையில் ஒட்டவிடாமல், கீழே சீமெந்துக் கட்டை வைத்து உயர்த்துங்கள். வெளியே தெரியும் கம்பியை உப்புக்காற்று தின்னும். கடல் மணலை ஒரு சட்டி கூடச் சேர்க்க விடாதீர்கள், அதன் உப்பு உள்ளிருந்தே கம்பியைத் துருவாக்கும்.

கொங்கிரீட் போட்டபின் ஏழு நாள் நனைத்த சாக்குப் போட்டு வையுங்கள். ஆம்பிளையில்லாத வீடுகளில் மேசனிடம் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம் அக்கா, கொங்கிரீட் போட முதல் நாள் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். கம்பி மூடுப்பட்ட பிறகு அவராலும் ஒன்றும் பார்க்க முடியாது.