அடுத்த அறையின் குரல்

கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் நகரும் சுவர் வைத்த கூடங்கள் பெருகிவருகின்றன. பெரிய கூடத்தின் நடுவே பலகைகளை இழுத்து நிறுத்தினால் அது இரண்டாகிவிடுகிறது. இந்தப் பக்கம் வளைகாப்பு, அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் விற்பனைக் கூட்டம். இடம் வீணாவதில்லை, வாடகையும் இரண்டு. நல்ல யோசனைதான். ஆனால் இங்கே வளையல் அடுக்கும்போது அங்கே மைக்கில் சொல்லும் கணக்கெல்லாம் காதில் விழுகிறதே!

மண்டபத்தில் அது வெறும் தொந்தரவு. கிளினிக்கில் அப்படியல்ல. ஒரு பெண் தன் உடம்புக்கு என்ன செய்கிறது என்று டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறாள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு அது அப்படியே கேட்கிறது. நடுவே பளபளவென்று ஒரு பார்ட்டிஷன் நிற்கத்தான் செய்கிறது. கண்ணை மறைத்தால் போதும் என்று கட்டிவிட்டார்கள். நோயாளியின் மானத்தைக் காப்பதும் அந்தத் தடுப்பின் வேலைதான் என்று யாரும் கான்ட்ராக்டரிடம் சொல்லவில்லை.

ஒலி பலகையைத் துளைத்துக்கொண்டு வருவதைவிட, சந்து பொந்தில் நுழைந்து வருவதுதான் அதிகம். 3 மீட்டர் உயரத் தடுப்புக்கு அடியில் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், அது மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும். தடுப்பை எதனால் செய்திருந்தாலும் அதனால் ஏறத்தாழ 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. இடுக்கில்லாமல் அடைத்த நல்ல தடுப்பு 45 டெசிபல் வரை குறைக்கும். முன்னதில் ஒலியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு கடந்துவிடுகிறது. பின்னதில் கடப்பது முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

அதனால்தான் தரமான நகரும் சுவர்களில் பாதி வேலை விளிம்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு பலகையும் மேலே டிராக்கில் உருளைகளால் தொங்குகிறது. இடத்துக்கு வந்ததும் பலகையின் ஓரத்தில் இருக்கும் துளையில் கைப்பிடியைச் செருகித் திருக வேண்டும். உள்ளே மடங்கியிருந்த ரப்பர் பட்டைகள் மேலும் கீழும் வெளியே வந்து டிராக்கையும் தரையையும் அழுத்திப் பிடிக்கும். கடைசிப் பலகையின் ஒரு பகுதி பக்கவாட்டில் நீண்டு பக்கச் சுவரை முட்டி நிற்கும். முகூர்த்த நாள் அவசரத்தில் பலகைகளை இழுத்து நிறுத்திவிட்டுத் திருகாமல் போனால், அத்தனை செலவும் வீண். மண்டபம் நடத்துகிறவர்கள் இதை ஊழியர்களுக்குச் செய்து காட்டிப் பழக்க வேண்டும்.

தரையும் இதில் கூட்டு. ரப்பர் பட்டை வந்து உட்கார வேண்டிய கோட்டில் டைல்ஸ் ஏறி இறங்கியிருந்தால், மேட்டில் பட்டை அழுந்தும், பள்ளத்தில் ஒலி நுழையும். பஞ்சுபோன்ற கார்ப்பெட் தடுப்புக்கு அடியில் இடைவிடாமல் ஓடினாலும் அதன் இழைகளுக்குள் ஒலி புகுந்துவிடும். தடுப்பு வந்து நிற்கும் கோட்டில் மட்டும் கெட்டியான, மேடுபள்ளமில்லாத பட்டை ஒன்று பதிக்கலாம். தரை போடும்போதே சொன்னால் சின்ன வேலை. பிறகு என்றால் உடைத்துத்தான் செய்ய வேண்டும்.

இனி சுவர்ப் பலகைகள். நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் சிறு துளைகள் இட்ட பலகைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் பஞ்சு அடைத்திருக்கிறது. பார்த்தவர்கள் பலர், வெளிச்சத்தம் வராமல் இருக்கத்தான் இது என்று எண்ணுகிறார்கள். இல்லை. என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளிச்சத்தத்தைத் தடுப்பவை கனமான சுவரும் இறுக்கமாக மூடும் கதவும்.

எதிரொலியை அடக்குவதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசியபோதெல்லாம் எதிரொலி சொல்லை விழுங்கியது. 1895இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து கூடத்தில் அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்த்தார். மெத்தை கூடக் கூட ஒலி விரைவில் அடங்கியது. கூடங்களின் ஒலியியல் என்ற துறைக்கு அந்த இரவுகளே அடித்தளம்.

ஆனால் மெத்தென்று இருப்பதையெல்லாம் சுவரில் ஒட்டிவிடலாகாது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு இரவு விடுதியில் மேடையில் வாணம் கொளுத்தினார்கள். மேடையைச் சுற்றிச் சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பொறி பட்டது. தீ பரவி 100 பேர் மாண்டார்கள். நுரை ஒட்டச் சொல்லும் எவரிடமும் தீப்பரிசோதனைச் சான்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜிப்சம் போர்டுக்குள் ராக் வுல் என்னும் பாறைப் பஞ்சு அடைத்த தடுப்பு நல்ல மாற்று. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். தீ பட்டால் அந்த நீர் ஆவியாகிச் சூட்டைத் தாமதப்படுத்தும். ராக் வுல் எரியாது.

தடுப்பு முடிந்து பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு பக்கம் விளக்கை அணைத்துவிட்டு, மறுபக்கம் எரியவிட்டுப் பாருங்கள். ஓரங்களில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஒலியும் கசியும்; அங்கே ரப்பர் பட்டையோ சீலன்ட்டோ வைக்கச் சொல்லலாம். இந்தச் சோதனைக்கு அகப்படாத ஓட்டை ஒன்று உண்டு. ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பாருங்கள். தடுப்பு சீலிங்கோடு நின்றுவிட்டு, அதற்கு மேல் கான்கிரீட் தளம் வரை வெறும் வெளியாக இருந்தால், டாக்டர் அறையில் பேசுவது அந்த வழியாகத்தான் பெஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. மேலே தளம் வரை ஜிப்சம் போர்டு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். வயர் போகும் துளைகளையும் சேர்த்து.