கேலிக்கு வரைந்த சிலுவை

ரோம் நகரத்துப் பாலத்தீன் குன்றில், அரண்மனையைச் சேர்ந்த ஒரு கட்டடத்தின் சுவரில் கீறப்பட்ட படம் ஒன்று 1857-இல் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் ஓர் ஆள் தொங்குகிறான். அவனுக்குக் கழுதைத் தலை. பக்கத்தில் ஓர் இளைஞன் கையைத் தூக்கிக் கும்பிடுகிறான். அலெக்சமெனோஸ் என்பவன் தன் சாமியைக் கும்பிடுவதாகக் கிரேக்கத்தில் கிறுக்கியிருக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டிய காலமாக இருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று இது. வரைந்தவனோ பக்தன் அல்ல, பக்தனைப் பார்த்துச் சிரித்தவன்.

அவன் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அன்றைக்குச் சிலுவை என்பது கொலைக்கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம அரசு வைத்திருந்த தண்டனை அது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து தோற்றபோது, கி.மு. 71-இல், கப்புவாவிலிருந்து ரோம் வரையிலான சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். சுமார் 200 கிலோமீட்டர் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பது முப்பத்தைந்து மீட்டருக்கு ஒருவர். வழிப்போக்கர் பார்த்து நடுங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சிலுவை என்ற பேச்சே ரோமக் குடிமகனின் காதில் விழக்கூடாது என்று வாதாடினார் ரோமப் பேச்சாளர் சிசரோ.

1968-இல் எருசலேமில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது எலும்புப் பேழை ஒன்றில் யெகோகனான் என்பவரின் குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் இரும்பாணி பாய்ந்தபடியே இருந்தது. ஆணியின் முனை வளைந்துவிட்டதால் பிடுங்க முடியாமல் அப்படியே அடக்கம் செய்திருக்கிறார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்ட அதே முதலாம் நூற்றாண்டு, அதே ஊர்.

இப்படிச் செத்தவரைக் கடவுள் என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? யூதருக்கு இது இடறல், மற்றவருக்கு மடமை என்று கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் திருத்தூதர் பவுலே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவர் அதை மறைக்கவில்லை. மனிதரின் பாவத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, அடிமை சாகும் சாவையே கடவுளின் மகன் செத்தார் என்பதுதான் அவருடைய நற்செய்தி.

நம்பியவர்கள்கூட அந்தச் சாவைப் படமாக்கத் தயங்கினார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் மீன் உண்டு, நங்கூரம் உண்டு, ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் உண்டு. சிலுவையில் தொங்கும் உடலைக் காண்பது அரிது. நெற்றியில் மட்டும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். தெருவில் நிஜச் சிலுவையைப் பார்த்தவர்களுக்கு அதைச் சுவரில் மாட்ட மனம் வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

312-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்துவின் பெயரால் போருக்குப் போய் வென்றார். அந்த நூற்றாண்டிலேயே சிலுவைத் தண்டனை வழக்கொழிந்தது. எருசலேமில் இயேசுவின் கல்லறை என்று நம்பப்பட்ட இடத்தில் எழுந்த பேராலயம் 335-இல் அர்ச்சிக்கப்பட்டது. ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில், ஐந்தாம் நூற்றாண்டில், இயேசு கைகளை விரித்து, கண் திறந்து நிற்கிறார். அங்கேயும் சிலுவைமரம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது! தலை சாய்ந்து, கண் மூடி, வயிறு தளர்ந்து தொங்கும் ஆளுயரச் சிற்பத்தைக் காணப் பத்தாம் நூற்றாண்டுக் கொலோன் நகரத்துக்கு வரவேண்டும்.

நம் சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையில் உடல் கிடையாது. மேலே ஒரு புறா, சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்து. கீழைத் திருச்சபையின் வழக்கம் அப்படி.

இன்றும் கத்தோலிக்க வீடுகளில் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசுவின் உடல் தொங்கும் சிலுவை, மாட்டியிருக்கும். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயங்களில் பெரும்பாலும் வெறும் சிலுவைதான். பாடுகளை மறக்கக்கூடாது என்பது ஒரு தரப்பு. அவர் உயிர்த்துவிட்டார், இனி அங்கே இல்லை என்பது மறுதரப்பு.