எங்கள் நெஞ்சுக்குள் இருப்பதற்கும் கணக்கு வேண்டும்

(முடிச்சூரில் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தோழர்களே, ஷிப்ட் முடிச்சு வீட்டுக்குக்கூடப் போகாம இங்க வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் ஜெய்பீம்.

நான் டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவள். எங்க அம்மாவும் அந்த வேலைதான் பார்த்தாங்க. இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்களை வச்சுத்தான் பேசப் போறேன். கேட்டுட்டுத்தான் வந்தேன். “சொல்லு, நான் என்ன திருடினேனா?” என்றாங்க.

1993ல் நகரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் தினக்கூலிக்குச் சேர்ந்தாங்க. பேர் வேண்டாம். எந்தப் பேர் சொன்னாலும் கதை இதுதான். விடியறதுக்கு முன்னாடி இங்கிருந்து தாம்பரம் போய் ரயில் ஏறணும். நெஞ்சு நோய் வார்டைக் கூட்டணும், துடைக்கணும், கோழை பிடிக்கிற டப்பாவை எடுக்கணும், எழுந்திருக்க முடியாத நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கணும். பத்தொன்பது வருஷம். நடுவில் காண்ட்ராக்டர் மாறினான், சட்டைக் கலர் மாறினது, துடைப்பம் மாறல.

2010ல் அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. 2012ல் இருமல். மூணு வாரம் விடல. சளி டெஸ்ட் எடுத்தா டி.பி. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானாங்க, அது வேற. ஆனா வேலை போச்சு. “வார்டுல இருந்துதானே வந்துச்சு”ன்னு கேட்டதுக்கு சூப்பர்வைசர் என்ன சொன்னான் தெரியுமா? “உங்க தெருவுல இருந்து வந்திருக்கும். வேலைக்குச் சேரும்போது உனக்கு இது இல்லேன்னு காட்டு பார்ப்போம்.”

காட்ட என்ன இருக்கு? சேரும்போது யாரும் ஊசி போட்டுப் பார்க்கல. நடுவில் எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரே படமும் ரெண்டு சீட்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்தப்ப முடிச்சூரே மிதந்ததே, அதில் பெட்டியோடு போச்சு.

சூப்பர்வைசர் கேட்ட கேள்வியை நான் இன்னும் விடல. அதுக்குப் பதில் தேடினப்பத்தான் ‘உறங்கும் காசநோய்த் தொற்று’ என்கிற விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன உடனே எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. உடம்பு அதைச் சுத்தி வேலி போட்டுடும். கிருமி சாகாது, தூங்கும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. இந்த நிலையில் அவங்களால் யாருக்கும் தொத்தாது. நூறு பேருக்குள் இது இருந்தா, வாழ்நாளில் அஞ்சிலிருந்து பத்துப் பேருக்குக் கிருமி எழுந்து நோயாகும். தொத்தின முதல் ரெண்டு வருஷம் ஆபத்து அதிகம். சர்க்கரை, எச்.ஐ.வி., சத்தில்லாத சாப்பாடு இருந்தா இன்னும் அதிகம்.

அப்ப எங்க அம்மாவுக்குக் கிருமி எப்ப போச்சு? 1994லா, 2004லா, 2011லா? வார்டிலா, ரயிலிலா? அடிச்சுச் சொல்ல எனக்கும் முடியாது, சூப்பர்வைசருக்கும் முடியாது. அந்த முடியாததில்தான் முதலாளி ஒளிஞ்சுக்கிறான்.

கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கு. முன்கையில் போடுற மான்டூ ஊசி இருக்கு. இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனை இருக்கு. இப்ப சை-டிபின்னு புதுத் தோல் ஊசியும் வந்திருக்கு. இதை வச்சு நம்ம நாட்டிலேயே கணக்கு எடுத்திருக்காங்க. மகாராஷ்டிராவில் சேவாகிராம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 726 பணியாளர்களைப் பரிசோதிச்சு 2005ல் வெளியிட்டாங்க. 360 பேருக்கு, அதாவது பாதிப் பேருக்கு, ஊசியிலோ ரத்தத்திலோ தொற்று தெரிஞ்சது. வேலையில் வருஷம் ஏற ஏறத் தொற்றும் ஏறினது.

இன்னொண்ணு பக்கத்திலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 2007ல் 436 நர்சிங் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் ஊசி போட்டுப் பார்த்தாங்க. 217 பேருக்குத் தொற்று இல்ல. அவங்களில் 181 பேரை 2008ல் மறுபடி பார்த்தாங்க. 14 பேருக்குப் புதுசாத் தொத்தியிருந்தது. நூத்துக்கு 7.8. அப்ப நாட்டின் சராசரி வருஷத்துக்கு 1.5. யாருக்குத் தொத்தினதுன்னு பார்த்தா, கோழை சேகரிக்கிற வேலையும் நுரையீரல் டி.பி. நோயாளியைப் பராமரிக்கிற வேலையும் செஞ்சவங்களுக்கு அதிகம்.

தோழர்களே, இங்க கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பிள்ளைகளுக்குத் தொத்தினது எப்படித் தெரிஞ்சது? முதல் வருஷத்துக் கணக்கு இருந்தது. அதனால ரெண்டாம் வருஷம் மாறினது தெரிஞ்சது. நமக்கு முதல் வருஷக் கணக்கே கிடையாது. கோழை டப்பா எடுக்கிறவளுக்கு, பெட்ஷீட் உதறுறவளுக்கு, பிணம் தள்ளுறவனுக்கு மருத்துவப் பதிவேட்டில் இடமில்லை. காண்ட்ராக்ட் ஆள். வருகைப் பதிவேட்டில் இருக்கான், அதுவும் பாதி நாள்தான்.

இந்த வேலைக்கு யார் வர்றாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? சாதிச் சான்றிதழ் கேட்காமலே நம்ம சனங்களுக்கு இட ஒதுக்கீடு கொடுக்கிற ஒரே வேலை இதுதான்.

பக்கத்திலேயே சானடோரியம் இருக்கு. ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர். 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார், 1937ல் அரசாங்கம் எடுத்துக்கிட்டதுன்னு சரித்திரம் சொல்லுது. நல்ல மனுசர், சொல்லட்டும். ஆனா இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரிச் சரித்திரத்திலாவது முதல் நாள் வார்டைக் கூட்டினவள் பேர் இருக்கா?

அந்தக் காலத்துச் சானடோரிய வைத்தியத்தில் ஒரு உண்மை இருந்தது: திறந்த காத்து. காசநோய்க் கிருமி தொட்டா ஒட்டாது. டம்ளரில் பரவாது, தட்டில் பரவாது. நோயாளி இருமும்போது, பேசும்போது கண்ணுக்குத் தெரியாத துளியா காத்தில் கலந்து, மூச்சு வழியா நுரையீரலுக்குப் போகுது. பெரு நாட்டில் லிமா நகரத்து எட்டு ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்து 2007ல் எழுதினாங்க. உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் வச்ச பழைய வார்டில் காத்தோட்டம் அதிகம், தொற்று ஆபத்து குறைவு. கதவடைச்ச புது அறையில் ஆபத்து அதிகம்.

சாதிக்குத் தெரிஞ்சது தீட்டு ஒண்ணுதான். தொடாதே, தனி டம்ளர் வை. டீக்கடையில் ரெட்டை டம்ளர் வச்ச அதே புத்தி ஆஸ்பத்திரிக்குள் டி.பி. வார்டு ஆயாவுக்கும் தனி டம்ளர் வைக்குது. ஆனா ஜன்னலைத் திறக்காது. என்95 மாஸ்க் கொடுக்காது. ஒரு நீலத்துணியைக் கொடுத்து மூக்கைக் கட்டிக்கோ என்னும். அது இருமுறவன் வாய்க்குக் கட்டினா நமக்கு நல்லது. நம்ம மூக்கில் கட்டினா ஓரத்தில் இருக்கிற சந்து வழியாக் கிருமி உள்ள போகும்.

சில பேர் கேட்பீங்க, கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கே, நமக்கு வருமான்னு. அதுக்கும் நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாவே சாட்சி. 1968ல் தொடங்கித் திருவள்ளூர்ப் பக்கம் கிராமங்களில் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பெரிய சோதனை நடத்தினாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கலன்னு முடிவு வந்தது. குழந்தைக்கு வர்ற மூளைக்காய்ச்சல் டி.பி.க்கு அது நல்லது, போடணும். வார்டில் நிக்கிற நமக்கு அது கவசம் இல்ல.

அப்ப என்னதான் கவசம்? தூங்குற கிருமியைத் தூக்கத்திலேயே கொல்ல மருந்து இருக்கு. தினம் ஒண்ணா ஆறு மாசம் ஐசோநயாசிட். இல்லேன்னா அதோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒரு தடவை, பன்னிரண்டு வாரம். முதலில் எழுந்த நோய் இல்லன்னு டாக்டர் உறுதி பண்ணணும், ஈரலையும் கவனிக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் தருவதைப் பரிசீலிக்கலாம்னு இருக்கு. ‘பரிசீலிக்கலாம்’. நம்ம உயிர் எப்பவும் இந்த ‘லாம்’லதான் தொங்குது.

சாப்பாடும் மருந்துதான். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு ரேஷன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வீட்டில் இருந்த மத்தவங்களுக்கு நோய் வர்றது 39 விழுக்காடு குறைஞ்சது. 2023ல் வெளிவந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் இருந்தது. அப்ப கூலியைக் குறைக்கிறவன் கிருமியை எழுப்பி விடுறான்னுதானே அர்த்தம்?

சட்டம் இருக்கு, தோழர்களே. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே, சுகாதார வேலையிலும் ஆய்வக வேலையிலும் பிடிக்கிற தொற்றுநோய் தொழில்நோய் என்று மூன்றாவது அட்டவணையில் இருந்தது. 2020ல் இயற்றின சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் இருக்கு. ஆனா சட்டத்தைத் தட்டி எழுப்பக் கையில் காகிதம் வேணும். காகிதம் இல்லாதவனுக்கு நோய் தெருவிலிருந்துதான் வரும்.

நம்ம கோரிக்கை இதுதான். வேலைக்குச் சேருற அன்னிக்கே பரிசோதனை. காண்ட்ராக்ட், தினக்கூலி, நிரந்தரம்னு பேதமில்லாம வருஷா வருஷம் பரிசோதனை. முடிவின் நகல் நம்ம கையில். தொற்று இருந்தா மருந்தும் கண்காணிப்பும், நோய் வந்தா சம்பளத்தோடு விடுப்பு. கோழை எடுக்கிற ஒவ்வொருத்தருக்கும் முகத்தில் பொருந்துற என்95. ஜன்னல் திறந்திருக்கணும்.

இன்னொண்ணையும் சேர்த்து எழுதணும். போன வாரம் ஒரு அக்கா கேட்டாங்க: “டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா நாளைக்கே வராதேன்னு சொல்லிட்டா?” நியாயமான பயம். எங்க அம்மாவுக்கு அதுதான் நடந்தது. தூங்குற தொற்று உள்ளவங்க யாருக்கும் பரப்ப மாட்டாங்க, அதைக் காரணம் காட்டி ஒரு நாள் கூலியையும் வெட்டக் கூடாது என்று எழுத்தில் வாங்காம யாரும் கையை நீட்ட வேண்டாம். நம்மைக் காப்பாத்த வர்ற பரிசோதனை நம்ம வேலையைப் பறிக்கிற கத்தியாகிடக் கூடாது. தனியாப் போய்க் கேட்டா ஆளைத் தூக்குவான். எல்லாரும் சேர்ந்து போனா பதிவேட்டைத் திறப்பான்.

வாசல் பக்கம் மேசையில் ஒரு நோட்டு இருக்கு. பேர், எந்த வார்டு, எந்த வருஷம் சேர்ந்தீங்க, வீட்டில் யாருக்காவது டி.பி. வந்ததா, எழுதிட்டுப் போங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, பிள்ளைங்க எழுதுவாங்க. எந்த வெள்ளத்திலும் போகாம இருக்க மூணு பிரதி எடுத்து மூணு வீட்டில் வைப்போம்.

முதல் பேர் எழுதியாச்சு. எங்க அம்மா பேர்.

ஜெய்பீம்.