மஞ்சள் கயிற்றுக்கு முன் ஒரு மஞ்சள் மாத்திரை



இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் துன் சம்பந்தன் சாலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஒருவர் கையில் நீளமான பட்டியல். கூறைச்சேலை, தாலிக்கொடி, மெட்டி, சீர்த்தட்டு, மாலை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். முப்பது வருஷம் தாதியாக வேலை பார்த்தவள் நான். பட்டியலைப் பார்த்தால் விடுபட்டது எது என்று தேடுகிற புத்தி எனக்கு. அந்தப் பட்டியலிலும் ஒன்று விடுபட்டிருந்தது. ஃபோலிக் அமில மாத்திரை.

சிரிக்கிறீர்கள். கல்யாணச் சாமானில் மாத்திரையா என்று கேட்கிறீர்கள். கிளினிக்கில் என் மேசைக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன், பிறகு சிரியுங்கள்.

புதுப்பெண் வருவாள். “மிஸி, ரெண்டு மாசமாத் தலைக்குக் குளிக்கல” என்பாள். முகமெல்லாம் பூரிப்பு. கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகம் போடுவோம். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சீனி எல்லாம் பார்ப்போம். மஞ்சள் நிறத்தில் அந்தச் சின்ன மாத்திரையையும் கொடுத்து அனுப்புவோம். அவள் சந்தோஷமாகப் போவாள். எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும்.

அது என்ன கணக்கு? வயிற்றில் கரு தங்கிய தொடக்கத்தில் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஒரு தட்டையான ஏடு போலத்தான் இருக்கும். வெற்றிலையைச் சுருட்டுவதுபோல் அந்த ஏட்டின் இரண்டு ஓரமும் எழும்பி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை வளராது. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு. கால் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம். ஃபோலிக் அமிலம் துணை நிற்பது இந்தக் குழாய் மூடுவதற்குத்தான். அது மூடி முடியும் நாள் எது தெரியுமா? கரு உருவான 28-ஆம் நாள். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். “ரெண்டு மாசமாச்சு மிஸி” என்று அவள் என் முன்னால் உட்காரும்போது அந்தக் கதவு சாத்தி நாளாகிவிட்டது. ரத்தச் சோகை வராமல் காக்க, குழந்தை வளர, அன்று கொடுக்கும் மாத்திரை உதவும். மூட வேண்டிய குழாயை மூட உதவாது. நாம் ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்குகிறோம். அந்தக் குழாயோ முதல் மாதத்திலேயே தன் காரியத்தை முடித்துவிடுகிறது!

மாத்திரையிலுள்ள இந்தச் சத்தைக் கண்டுபிடித்த கதையில் நமக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டு அலமாரியில் கறுப்பு போத்தல் ஒன்று இருக்கும். காய்ச்சல் வந்தால் கஞ்சியில் கலந்து கொடுப்போம். சீனர் கடையில் கோழியில் பிரட்டித் தருவார்கள். ஆமாம், மார்மைட்தான். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் வற்றி, வெளிறி, செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. அந்த அம்மா அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அங்கேயும் வேலை செய்தார். கடைசியில் அந்தத் தாய்மாரைத் தேற்றியது விலை மலிவான ஈஸ்ட் சாறு. அதுதான் மார்மைட். 1931-இல் அதை எழுதி வெளியிட்டார். உள்ளே இருந்த பொருளின் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது; ‘வில்ஸ் காரணி’ என்று சொல்லி வைத்தார்கள்.

பெயர் வந்தது 1941-இல். அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து துளியளவு பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம், அதனால் ஃபோலிக். நம் வாயில் சொன்னால் இலை அமிலம். 1945-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர். அவருடைய அண்ணன் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் மாண்டார். அந்த நோய்க்கு மருந்தாக அமைந்ததும் இதே ஃபோலிக் அமிலம்தான். அண்ணனைக் காப்பாற்ற முடியாத கை, ஊரார் பிள்ளைகளைக் காப்பாற்றும் மருந்தைச் செய்து கொடுத்தது.

இது பிள்ளையின் முதுகெலும்பையும் காக்கும் என்று சந்தேகமறத் தெரிந்த வருஷம் 1991. ஏற்கெனவே இந்தக் குறையோடு குழந்தை தரித்த தாய்மாரை ஏழு நாடுகளில் சேர்த்துச் சோதித்தார்கள். கருவுறும் முன்பிருந்தே மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 விழுக்காடு குறைந்தது. 1998 முதல் அமெரிக்காவில் மாவிலேயே கலக்கச் சட்டம் வந்துவிட்டது. காரணம் எளிது. உலகில் ஏறக்குறைய பாதிக் கரு, திட்டமிடாமல் தங்குவது. திட்டமிடாதவள் மாத்திரை தேடிப் போவாளா?

இங்கே ஒரு வார்த்தை. இந்தக் குறை முழுவதையும் இந்த மாத்திரை தடுத்துவிடாது. ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் அப்படிக் குழந்தை பிறப்பதுண்டு. ஆகவே அப்படியொரு பிள்ளையை வளர்க்கும் தாயைப் பார்த்து, “நீ மாத்திரை சாப்பிடலையா?” என்று கேட்டுவிடாதீர்கள். அவள் சுமப்பது போதும்.

அடுத்து, நம் இனத்துக்கென்று ஒரு செய்தி. நம் மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். எல்லா இனத்திலும் முதலிடம் இந்தியர்களுக்கு: 31.4 விழுக்காடு. முதலிடம் வாங்கக் கூடாத இடத்தில் வாங்கியிருக்கிறோம்! நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே அப்போது தெரிந்திருக்கவில்லை. கட்டுப்படாத சீனி உள்ள பெண்ணுக்கு அந்தக் குழாய் மூடாமல் போகும் ஆபத்து கூடுதல். சாதாரணமாக நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். இனிப்பு நீர் உள்ளவர், வலிப்புக்கு மருந்து எடுப்பவர், முன்பு இப்படிக் குழந்தை பிறந்தவர் ஆகியோருக்கு டாக்டர் 5 மில்லிகிராம் வரை எழுதிக் கொடுப்பார். அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12 சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுப்பது அந்தக் குறையை மறைத்துவிடும்.

“எங்க பாட்டி தோட்டத்துல பால் மரம் சீவினாங்க, பத்துப் பெத்தாங்க, என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?” என்று கேட்பீர்கள். பத்துப் பெற்றார், சரி. எத்தனை தங்கியது என்று அவரைக் கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். லயத்து வீட்டில் தங்காத பிள்ளைகளைப் பேசாமலே புதைத்தார்கள்.

சாப்பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. முருங்கைக் கீரை, பாசாரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பாயம், கங்கோங், பச்சைப்பயறு, தட்டைப்பயறு, பருப்பு எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் வெந்நீரில் கரைந்து போகும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பாதிச் சத்து சாக்கடைக்கு. சாப்பாட்டில் வருவது மாத்திரையில் வருவதுபோல் உடம்பில் முழுக்கச் சேர்வதும் இல்லை. அதனால் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று குங்குமப்பூவுக்குக் கொட்டிக் கொடுக்கிறோமே, நிறத்துக்குச் செய்யும் செலவில் கொஞ்சம் முதுகெலும்புக்கும் செய்யக் கூடாதா?

மாமியார்மார்களே, கல்யாணமான மறுமாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்பீர்கள். அதற்கு முன், “மாத்திரை சாப்பிடுறியாம்மா?” என்று கேளுங்கள். தம்பிகளே, கிளினிக்குக்கு மனைவியோடு போங்கள். குழந்தை வேண்டும் என்று நினைத்தால் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்கி, கருவுற்ற பன்னிரண்டாம் வாரம் வரை விடாமல் எடுக்க வேண்டும். நம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். கர்ப்பமாக இருந்தால்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இனி யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது பட்டியல் எழுத உட்காருவீர்கள். வழக்கம்போல் முதலில் பிள்ளையார் சுழி போடுங்கள். அதற்குக் கீழே, கூறைச்சேலைக்கும் முன்னால், முதல் வரியில் அந்த மஞ்சள் மாத்திரையை எழுதுங்கள். துன் சம்பந்தன் சாலையில் கையில் பட்டியலோடு ஓர் அத்தையை மறுபடி பார்த்தால், எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக நடந்து போவேன்.