சாப்பிட்டியான்னு கேட்டவங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்குச் சேமிப்பு, கடன் பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம குழு உறுப்பினர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பேர் சொல்ல வேண்டாம்னு அவரே கேட்டுக்கொண்டார்.

அவர் வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய். இருபது வருஷம் புகையிலை போட்ட வாய். மதுரையில் ஆறு வாரம் கரண்ட் வைக்கணும்னு சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு ஐந்து நாள். வைப்பது சில நிமிஷம்தான், காத்திருப்பதுதான் அதிகம். கூலி வேலையை விட்டுவிட்டு, தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் ஒரு அம்மா. 34 வயசு மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தவர். வேற மாவட்டம், தோட்டம் துரவு உள்ள குடும்பம், வேற சாதி. சொந்த ஊராக இருந்தால் அந்த அம்மா வீட்டு வாசப்படியை நம்ம உறுப்பினர் மிதித்திருக்க முடியாது. மேடையில் சொல்லாவிட்டாலும் இது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே?

அந்த அம்மாதான் முதலில் கேட்டாங்க: "சாப்பிட்டியா தாயி?"

நாலைந்து மாசமாக ஆஸ்பத்திரியே வீடாக இருந்தவர். கழுத்தில் போட்ட மைக்கோடு அழியக் கூடாது, அங்கே சோப்பு, பவுடர் போடக் கூடாது. மூக்கு டியூப்பில் கஞ்சி ஊற்றும்போது தலையைத் தூக்கி வைக்கணும், ஊற்றியதும் அரைமணி நேரம் படுக்க விடக் கூடாது. நர்சம்மா ஒரு தடவை சொன்னதை இவர் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தார். நம்ம உறுப்பினரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை. "மேற்கொண்டு ஆபரேஷன்னு வந்தா வேணும். வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட போய்ப் பதிஞ்சிட்டு வா, உன் வீட்டுக்காரரை நான் பாத்துக்கறேன்"னு ஊருக்கு அனுப்பியதும் அவர்தான். (வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு இந்த அட்டை உண்டு. இங்கே எத்தனை பேரிடம் இருக்கு? கூட்டம் முடிந்ததும் கேட்போம்.)

மகளுக்கு வாந்தி நிற்காத ராத்திரிகளில் நம்ம உறுப்பினர்தான் தண்ணி கொடுத்து, மடியில் சாய்த்துக்கொண்டார். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள். "அம்மான்னு கூப்பிடாத, அக்கான்னு கூப்பிடு" என்றாராம் அந்த அம்மா.

அந்த ஆறு வாரமும் நாங்கள் என்ன செய்தோம்? நோட்டை எடுத்துப் பார்த்தோம். ஆறு கூட்டத்துக்கும் "வரவில்லை". கூட்டத்துக்கு 10 ரூபாய் வீதம் 60 ரூபாய் அபராதம். தலைவியோடு நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒரு போன்கூடப் போடவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் இப்போது தேறி, வாயால் கஞ்சி குடிக்கிறார். அந்த மகள் பிழைக்கவில்லை. (30 வயசுக்கு மேல் உள்ளவங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. காசு கிடையாது. கூச்சப்பட்டு இருந்துவிடாதீங்க.)

சேதி வந்ததும் நம்ம உறுப்பினர் கிளம்பினார். நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். அவர் பந்தலுக்குள் வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். பழக்கம் அப்படி. சொந்தக்காரப் பெண்கள் யாரென்று பார்த்தார்கள். அந்த அம்மா எழுந்து ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். "என் பிள்ளைக்குத் தண்ணி கொடுத்த கை இது" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மகள் தலைமாட்டில் உட்கார வைத்தார். ஒருத்தரும் எதுவும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு அந்த 60 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்றார். அப்புறம், "பதினாறாம் நாளுக்கு அக்கா வீட்டுக்குப் போகணும், பஸ்ஸுக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டார்.